பாகிஸ்தான் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

பாகிஸ்தான் என்று பேச்சு வந்தாலே நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை, அங்கே எனக்கு ஓட்டும் இல்லை. கராச்சி, லாகூர் பத்திரிகைகளைப் பல வருடமாக விடாமல் படிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் இருப்பதெல்லாம் என் கருத்து. ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அங்கே தேர்தல் என்பதே நாடகம்தானே? ராணுவம் நினைத்தவர்தானே ஜெயிக்கிறார்?

இதற்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2024 பிப்ரவரி 8 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். இம்ரான் கான் சிறையில். அவருடைய தெஹ்ரீக்-இ-இன்சாஃப் கட்சிக்குச் சின்னம் கிடையாது. வேட்பாளர்கள் பலர் தலைமறைவு. கூட்டம் போட முடியவில்லை, கொடி கட்ட முடியவில்லை. வாக்குப்பதிவு நாளன்று பாதுகாப்பு காரணம் என்று சொல்லி நாடு முழுக்க மொபைல் சேவையையும் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, சுயேச்சைகளாக நின்ற அந்தக் கட்சிக்காரர்கள் 90 இடங்களுக்கு மேல் ஜெயித்தார்கள். நவாஸ் ஷெரீஃப் கட்சிக்கு 75, பூட்டோ கட்சிக்கு 54. பெட்டியைத் திறந்தபோது திட்டம் போட்டவர்களுக்கே வியர்த்திருக்கும்.

ராணுவம் போட்ட கணக்கு தப்பியது இது முதல் தடவையும் இல்லை. 1970இல் தப்பியது. 1988இல் பெனாசிர் பூட்டோவைத் தடுக்கவென்றே ஒரு கூட்டணியை உருவாக்கினார்கள், அப்படியும் அவர் பிரதமரானார். 2008இல் ராணுவ ஆட்சியாளர் முஷாரஃபின் ஆதரவுக் கட்சி மண்ணைக் கவ்வியது. மக்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்பது ராணுவத்துக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை மெனக்கெடல் எதற்கு? நாடகம் நடப்பது பெரும்பாலும் தேர்தலுக்கு முன்னும் பின்னும்தான். நடுவில் சில மணி நேரம் மக்கள் கையில் இருக்கிறது.

1970இல் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற அடிப்படையில் நாடு தழுவிய முதல் பொதுத்தேர்தல் 1970 டிசம்பரில்தான் நடந்தது. அதாவது நாடு பிறந்து 23 வருடம் கழித்து. அதற்கு முன் ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் காலத்தில் ‘அடிப்படை ஜனநாயகம்’ என்று ஒரு ஏற்பாடு. 80,000 உள்ளாட்சி உறுப்பினர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். 1965இல் ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா லாந்தர் சின்னத்தில் நின்று, ரோஜா சின்னத்தில் நின்ற அயூப்பிடம் தோற்றது அந்த முறையில்தான். அந்த 80,000 பேரை மிரட்டவும் ஆசை காட்டவும் அரசாங்கத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

1970 தேர்தலை நடத்திய அடுத்த ராணுவ ஆட்சியாளர் யஹ்யா கான், யாருக்கும் பெரும்பான்மை வராது, பஞ்சாயத்து செய்துகொண்டே காலத்தை ஓட்டலாம் என்றுதான் நினைத்தார். கிழக்கு பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் 160ஐ அள்ளியது. மேற்கில் ஜுல்ஃபிகர் அலி பூட்டோவின் மக்கள் கட்சிக்கு 81. மொத்தம் 300இல் 160 வைத்திருப்பவர்தான் பிரதமர், இதில் குழப்பமே இல்லை. ஆனால் சபையைக் கூட்டாமல் இழுத்தடித்தார்கள். 1971 மார்ச்சில் டாக்காவில் ராணுவ நடவடிக்கை, டிசம்பரில் பங்களாதேஷ். நாடு உடைந்ததற்குக் காரணம் நிறைய உண்டு. எண்ணி முடித்த ஓட்டை மதிக்காதது அதில் முதல் காரணம் என்பேன். பூட்டோவுக்கும் அதில் பங்கு உண்டு. முஜிப் பிரதமராவதை அவரும் விரும்பவில்லை.

ஒரு பிரதமர்கூட ஐந்து வருடம் முடித்ததில்லையாமே?

உண்மைதான். லியாகத் அலி கான் 1951 அக்டோபரில் ராவல்பிண்டி பொதுக்கூட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2007 டிசம்பரில் பெனாசிர் கொல்லப்பட்டதும் அதே லியாகத் பாக்கில் கூட்டம் முடிந்து கிளம்பும்போதுதான். 1957இல் சுந்த்ரிகர் என்பவர் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1990களில் பெனாசிரும் நவாஸும் மாறி மாறி வந்து, மாறி மாறிப் போனார்கள். யூசுஃப் ரஸா கிலானியை 2012இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வீட்டுக்கு அனுப்பியது. நவாஸை 2017இல் பனாமா ஆவண வழக்கு அனுப்பியது. கடைசியில் தகுதி நீக்கத்துக்குச் சொன்ன காரணம், மகனுடைய துபாய் நிறுவனத்தில் வாங்காத சம்பளத்தைக் கணக்கில் காட்டவில்லை என்பது. இம்ரான் 2022 ஏப்ரலில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 174 ஓட்டில் கவிழ்ந்தார். அந்த வழியில் பதவி இழந்த முதல் பிரதமர் அவர்தான்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2002க்குப் பிறகு நாடாளுமன்றங்கள் ஏறக்குறைய முழுக் காலமும் இருந்திருக்கின்றன. பிரதமர்தான் நடுவில் மாறுகிறார். 1990களில் ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் சபையையே கலைத்துவிடுவார். அந்த அதிகாரத்தை 2010இல் 18ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. அப்போதிருந்து சபையை விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கும் வழியைத் தேடுகிறார்கள்.

‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்கிறார்களே, அது யார்?

ராணுவத் தலைமை, ஐ.எஸ்.ஐ. உளவு அமைப்பு, அவர்களோடு ஒத்துப்போகும் அதிகாரிகள், நீதிபதிகள். பெயரைச் சொல்லிப் பேசினால் வம்பு என்பதால் ஊரில் இதற்கு எத்தனையோ பட்டப்பெயர். 2018 தேர்தலுக்கு முன் முல்தான் பக்கம் நவாஸ் கட்சி வேட்பாளர் ஒருவர், உளவுத்துறை ஆட்கள் வந்து மிரட்டி அடித்தார்கள் என்று புகார் சொன்னார். அப்புறம் ‘வந்தது விவசாயத் துறை ஆட்கள்’ என்று மாற்றிச் சொன்னார். அவ்வளவுதான், அன்றிலிருந்து ராணுவத்துக்கு ‘விவசாயத் துறை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதே தேர்தலில் சுயேச்சைகள் பலர் ஒரே மாதிரி ‘ஜீப்’ சின்னம் வாங்கி நின்றார்கள். அந்த ஜீப் யாருடையது என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

அப்படியானால் எல்லாத் தப்பும் ராணுவத்துடையது, அரசியல்வாதிகள் பாவம், அப்படியா?

இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் பாகிஸ்தான் ஜனநாயகத்தின் பெரிய நோய் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ராணுவத்தைத் திட்டிய தலைவர்கள் எங்கே வளர்ந்தார்கள் என்று பாருங்கள். ஜுல்ஃபிகர் பூட்டோ அயூப் கானின் அமைச்சர். நவாஸ் ஷெரீஃப் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் பஞ்சாப் நிதியமைச்சர், 1985இல் அதே மாநிலத்தின் முதலமைச்சர். இம்ரான் 2018இல் வந்ததும் ராணுவமும் தானும் ‘ஒரே பக்கத்தில்’ இருப்பதாகச் சொல்லிப் பெருமைப்பட்டவர். எல்லாம் ஒரே நாற்றங்காலில் இருந்து பிடுங்கி நட்ட பயிர்.

ஒவ்வொருவரும் வெளியே இருக்கும்போது ஜனநாயகம் பேசுவார். உள்ளே வர வாய்ப்பு கிடைத்தால், ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டி வாசலில் நிற்பார். 1990 தேர்தலில் பெனாசிரைத் தோற்கடிக்க ஐ.எஸ்.ஐ. வழியாக 14 கோடி ரூபாய் அரசியல்வாதிகளுக்குப் போனது. முன்னாள் விமானப்படைத் தளபதி அஸ்கர் கான் போட்ட அந்த வழக்குக்கு 16 வருடம் கழித்து, 2012இல்தான் தீர்ப்பு வந்தது. 2006இல் லண்டனில் நவாஸும் பெனாசிரும் இனிமேல் ராணுவத்தின் துணையோடு ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதில்லை என்று சாசனமே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு வருடம் போகவில்லை. பூட்டோ கட்சி ஆட்சியில் இருந்தபோது அமெரிக்காவுக்கு ஒரு ரகசியக் கடிதம் போன விவகாரம் கிளம்பியது. நவாஸ் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

இம்ரான் ஆட்சியில் நடந்த டஸ்கா இடைத்தேர்தலையும் சொல்ல வேண்டும். சியால்கோட் மாவட்டம், 2021 பிப்ரவரி. ஓட்டுப்பதிவு முடிந்து, சுமார் 20 வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்கள் பைகளோடு காணாமல் போனார்கள். போன் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தேடல். விடிந்த பிறகு வரிசையாக வந்து சேர்ந்தார்கள். காரணம் கேட்டால், பனிமூட்டம், வழி தெரியவில்லை! தேர்தல் ஆணையம் நம்பவில்லை. தொகுதி முழுக்க மறு தேர்தல் வைத்தது, நவாஸ் கட்சி ஜெயித்தது. 2024இல் ‘எங்கள் வெற்றியைத் திருடிவிட்டார்கள்’ என்று சரியாகவே கத்திய கட்சி, 2021இல் பனிமூட்டத்தை நம்பச் சொன்ன கட்சி.

இன்னொன்று. 2020 ஜனவரியில் ராணுவத் தளபதி பாஜ்வாவின் பதவி நீட்டிப்புக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் வந்தது. இம்ரான் கட்சி, நவாஸ் கட்சி, பூட்டோ கட்சி மூன்றும் சேர்ந்து ஓட்டுப் போட்டன. விலைவாசிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அந்த மூன்றும் அப்படி ஒன்றாகக் கை தூக்கியதை நான் பார்த்ததில்லை.

சாதாரண வாக்காளர் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்? பிரியாணியா?

பிரியாணி கதை அங்கேயும் உண்டு. லாகூரில் நவாஸ் கட்சிக்காரர்களை ‘கொத்துக்கறி நான் ரொட்டிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்’ என்று எதிர்க்கட்சி கிண்டல் செய்யும். படித்த நடுத்தர வர்க்கம் ஏழை வாக்காளரைப் பற்றி வைத்திருக்கும் மட்டமான அபிப்பிராயம் அது, நம்மூரிலும் கேட்டதுதான்.

கிராமத்துப் பஞ்சாபிலும் சிந்திலும் ஓட்டு எப்படி விழுகிறது என்று புரிய ‘தாணா கச்சேரி’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும். தாணா காவல் நிலையம், கச்சேரி கோர்ட்டு. பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது, நிலத் தகராறில் எதிராளி பணக்காரன், பட்டாவில் பெயர் மாற்ற அலைக்கழிக்கிறார்கள். இதற்கெல்லாம் போன் போட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆளுங்கட்சியில் இருந்தால்தான் போன் வேலை செய்யும். அதனால்தான் நிலமும் சொந்தபந்தமும் உள்ள பெரிய குடும்பங்கள் எந்தக் காற்று அடித்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்து ஜெயிக்கின்றன. ‘பிராதரி’ எனப்படும் குலக்கட்டும் கூட வரும். வாக்காளர் முட்டாள் இல்லை. சட்டம் தானாக வேலை செய்யாத இடத்தில் அதை வேலை செய்ய வைக்கத் தெரிந்தவருக்கு ஓட்டுப் போடுகிறார். அவ்வளவுதான்.

2024இல் இந்தக் கணக்கும் பல இடங்களில் உடைந்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளை ஊர் பேர் தெரியாத சுயேச்சைகள் தோற்கடித்தார்கள். அங்கே மக்கள்தொகையில் இளைஞர்கள்தான் அதிகம். கையில் போன் இருக்கிறது. தாத்தாவுக்கு வேண்டியவர் என்பது பேரனுக்குப் பெரிய காரணமாகத் தோன்றவில்லை.

வாக்குச்சாவடியில் என்ன நடக்கும்? மின்னணு இயந்திரம் உண்டா?

கிடையாது. காகிதச் சீட்டுதான். தேசிய அவைக்குப் பச்சை, மாகாண அவைக்கு வெள்ளை. ஒரே நாளில் இரண்டும். தேசிய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள், கட்டைவிரலில் மை. திரை மறைவில் போய், ஒன்பது கட்டம் உள்ள ரப்பர் முத்திரையைச் சின்னத்தின் மேல் குத்திவிட்டு வர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி பூத்.

தேர்தல் நடக்கும்போது ஆட்சியில் இருப்பது ஆளுங்கட்சி இல்லை, இதற்கென்றே அமைக்கப்படும் இடைக்கால அரசு. காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் 2023 ஜனவரியில் பஞ்சாப் சபை கலைந்தது, 90 நாளில் தேர்தல் வைக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது, உச்ச நீதிமன்றம் மே 14 என்று தேதியே குறித்துக் கொடுத்தது. மே 14 வந்தது, போனது. தேர்தல் நடக்கவில்லை. இடைக்கால அரசு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

ஃபார்ம் 45, ஃபார்ம் 47 என்று ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும் தலைமை அலுவலர் எழுதிக் கையெழுத்துப் போடும் தாள்தான் ஃபார்ம் 45. யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். அங்கே உள்ள கட்சி ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் தர வேண்டும். தொகுதி முழுக்க உள்ள 45களைக் கூட்டி, தேர்தல் நடத்தும் அலுவலர் வெளியிடும் முதல்கட்ட முடிவு ஃபார்ம் 47. வெறும் கூட்டல் கணக்கு.

2024இல் அந்தக் கூட்டல் பல தொகுதிகளில் சரியாக வரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ராத்திரி முன்னிலையில் இருந்தவர் காலையில் தோற்றிருந்தார். ஏஜென்ட்கள் தங்கள் கையில் இருந்த 45களைப் படம் எடுத்துப் போட்டார்கள். சில இடத்தில் கூட்டல் அறைக்குள் வேட்பாளரையே விடவில்லை.

கராச்சியில் நடந்ததை மறக்க முடியாது. ஜமாத்-இ-இஸ்லாமி என்ற மதக் கட்சியின் ஹாஃபிஸ் நயீமுர் ரஹ்மான் ஒரு மாகாணத் தொகுதியில் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. அவர் தன் கட்சி ஏஜென்ட்கள் கொண்டுவந்த தாள்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ‘ஜெயித்தது நான் இல்லை, இம்ரான் கட்சி ஆதரவு வேட்பாளர்தான்’ என்று சொல்லி அந்த இடத்தை வேண்டாம் என்றார். சில நாள் கழித்து ராவல்பிண்டி ஆணையர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தன் மேற்பார்வையில் தோற்றவர்களை ஜெயிக்க வைத்ததாகச் சொன்னார். பிற்பாடு அதை மறுத்துவிட்டார். தேர்தல் ஆணையமும் அவர் சொன்னதை ஏற்கவில்லை. தேர்தல் வழக்குகளோ ஆமை வேகம். அடுத்த தேர்தல் வருவதற்குள் எல்லாம் முடிந்தால் அதிசயம்.

சின்னம் போனால் என்ன, வேட்பாளர் பெயர் சீட்டில் இருக்குமே?

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருக்கும் நாட்டில் சின்னம்தான் கட்சி. இரட்டை இலையும் உதயசூரியனும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புலி நவாஸ், அம்பு பூட்டோ, பேட் இம்ரான். உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை என்று 2024 ஜனவரி 13 அன்று, அதாவது ஓட்டுப்பதிவுக்கு நான்கு வாரம்கூட இல்லாதபோது, உச்ச நீதிமன்றம் பேட் சின்னத்தை எடுத்துவிட்டது. அந்தக் கட்சியின் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு சின்னம். ஒருவருக்குக் கத்தரிக்காய், ஒருவருக்குப் பாட்டில். எந்தத் தொகுதியில் எது என்று கண்டுபிடிக்க இளைஞர்கள் இணையத்தில் பட்டியல் போட்டார்கள். கத்தரிக்காயைத் தேடிப்போய் முத்திரை குத்திய கூட்டத்தை பிரியாணிக்கு விலைபோகிறவர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

இம்ரான் கானைப் பற்றி உங்கள் கருத்து?

கிளர்ச்சிக்காரராகப் பெரிய ஆள், ஆட்சிக்காரராகச் சுமார். 1992 உலகக்கோப்பையும் அம்மா பெயரில் லாகூரில் கட்டிய புற்றுநோய் மருத்துவமனையும் அவருக்கு அடித்தளம். 1996இல் கட்சி தொடங்கி, 1997இல் ஓர் இடம்கூட இல்லை, 2002இல் மியான்வாலியில் அவர் மட்டும். 2011இல் லாகூர் மினார்-இ-பாகிஸ்தான் மைதானம் நிரம்பிய பிறகுதான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. அரசியலே வேண்டாம் என்று இருந்த நகரத்து இளைஞர்களையும் பெண்களையும் வாக்குச்சாவடிக்கு வரவைத்தது அவர் சாதனை. ஆட்சியில் எதிர்க்கட்சித் தலைவர்களை வரிசையாகச் சிறையில் பார்க்க ஆசைப்பட்டார். பத்திரிகைகளை நெருக்கினார். யாருடனும் உட்கார்ந்து பேச மாட்டேன் என்ற பிடிவாதம் அவர் குணம். பேசாமல் அரசியல் இல்லை.

2023 மே 9 அன்று அவரைக் கைது செய்தபோது தொண்டர்கள் லாகூரில் ராணுவத் தளபதி ஒருவரின் இல்லத்துக்கே தீ வைத்தார்கள். அது கட்சிக்கு விழுந்த பெரிய அடி. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடி கைதானவர், அடியாலா சிறையில்தான் இருக்கிறார். 2025 ஜனவரியில் அல்-காதிர் அறக்கட்டளை வழக்கில் 14 வருடம் தண்டனை வந்தது. அவருடைய நிர்வாகம் மோசம் என்றால் மக்கள் ஓட்டில் அனுப்பியிருக்கலாம். 2022 தொடக்கத்தில் அவருக்குச் செல்வாக்கு சரிந்துகொண்டுதான் இருந்தது. கவிழ்த்தும் சிறையில் போட்டும் அவரைத் தியாகி ஆக்கியது எதிரிகள்தான்.

ஷெரீஃப், பூட்டோ குடும்பங்கள்?

நவாஸ் சாலை போட்டார், மின்வெட்டைக் குறைத்தார், ‘ஓட்டுக்கு மரியாதை கொடு’ என்று 2018இல் நல்ல கோஷம் எழுப்பினார். 2024 முடிவை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டபோது அந்தக் கோஷம் செத்தது. தம்பி ஷெபாஸ் பிரதமர், மகள் மரியம் பஞ்சாப் முதலமைச்சர். பூட்டோ கட்சி இன்று சிந்துக் கட்சி. பெனாசிரின் கணவர் ஜர்தாரி இரண்டாம் முறை ஜனாதிபதி, மகன் பிலாவல் காத்திருக்கிறார். வாரிசு அரசியலைப் பற்றி நாம் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் நிலையில் இல்லை என்பதால் மேலே போகிறேன்.

மதத்தின் பெயரால் உருவான நாடு. மதக் கட்சிகள் ஏன் ஜெயிப்பதில்லை?

ஓட்டுப் போடும்போது மக்கள் மௌலவியைவிட, காவல் நிலையத்துக்குப் போன் போடுகிறவரைத்தான் நம்புகிறார்கள். விதிவிலக்கு 2002. முஷாரஃப் ஆட்சியில் பெரிய தலைவர்கள் வெளிநாட்டில் இருந்தபோது, ஆப்கன் போரின் கோபமும் சேர்ந்து மதக் கட்சிகளின் கூட்டணியை வடமேற்கு எல்லை மாகாணத்தில் ஆட்சியில் உட்கார வைத்தது. 2018இல் தெஹ்ரீக்-இ-லப்பைக் என்ற மதக் கட்சி நாடு முழுக்க 20 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் தேசிய அவையில் ஓர் இடம்கூடப் பெறவில்லை. ஆனால் ஜெயிக்காததால் செல்வாக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாலையை மறித்தே அரசைப் பணியவைக்கும் பலம் அவர்களுக்கு உண்டு.

பெண்கள் ஓட்டுப் போடுகிறார்களா?

போடுகிறார்கள், ஆனால் வாக்காளர் பட்டியலிலேயே 2024இல் ஆண்களைவிட ஏறத்தாழ ஒரு கோடி பெண்கள் குறைவு. அடையாள அட்டை இல்லாவிட்டால் ஓட்டு இல்லை, பல வீடுகளில் பெண்ணுக்கு அட்டை எதற்கு என்ற நினைப்பு. இதைக் கொஞ்சம் மாற்றியது தேர்தல் ஆணையத்தின் பிரசாரத்தைவிடப் பணம்தான். 2008இல் வந்த பெனாசிர் வருமான ஆதரவுத் திட்டத்தில் உதவித்தொகை பெண்ணின் பெயரில்தான் வரும், வாங்க அட்டை வேண்டும். வேண்டாம் என்ற வீட்டுக்காரரே கூட்டிப் போய்ப் பதிவு செய்தார்.

2017 தேர்தல் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று: ஒரு தொகுதியில் பதிவான ஓட்டில் பெண்கள் ஓட்டு 10 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தேர்தலை ரத்து செய்யலாம். 2018இல் ஷாங்லா மாவட்டத்தில் ஒரு மாகாணத் தொகுதியில் அப்படியே ரத்து செய்து மறுபடி நடத்தினார்கள். கட்சிகளெல்லாம் கூடிப் பேசிப் பெண்களை வீட்டில் வைப்பது சில ஊர்களில் எழுதாத ஒப்பந்தம், அதற்கு இப்போது ஒரு விலை இருக்கிறது.

சிறுபான்மையினர்?

ஜியா காலத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் மதத்து வேட்பாளருக்கு மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று பிரித்துவைத்தார்கள். 2002இல் அது நீங்கியது. இப்போது பொதுத் தொகுதியில் ஓட்டு, அதற்கு மேல் தேசிய அவையில் 10 ஒதுக்கீட்டு இடங்கள். ஒதுக்கீட்டு உறுப்பினரைக் கட்சிதான் நியமிக்கும், அதனால் அவர் கட்சிக்குத்தான் விசுவாசமாக இருப்பார். 2018இல் தர்பார்க்கரில் மகேஷ் குமார் மலானி பொதுத் தொகுதியிலேயே ஜெயித்தார். அந்த வகையில் முதல் இந்து அவர். முஸ்லிம் இல்லை என்று சட்டம் ஒதுக்கிவைத்த அஹமதியர்களுக்கு மட்டும் இன்றும் தனி வாக்காளர் பட்டியல், அதில் சேர மறுத்து அவர்கள் தேர்தலையே ஒதுக்கிவிடுகிறார்கள். இதைப் பற்றிப் பேச எந்தப் பெரிய கட்சிக்கும் துணிச்சல் இல்லை.

கராச்சியில் தமிழர் உண்டா என்று கேட்பவர்களுக்கு: ஜின்னா மருத்துவமனைப் பக்கம் மதராஸி பாடா என்ற பகுதியில் சில குடும்பங்கள் இருக்கின்றன. தேர்தலில் கணக்கில் வரும் எண்ணிக்கை இல்லை.

நீதிமன்றம் காப்பாற்றவில்லையா?

சில தடவை. 2022 ஏப்ரலில் துணை சபாநாயகர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்தபோது நான்கே நாளில் அதைச் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 1958, 1977, 1999 ராணுவப் புரட்சிகளுக்கு முத்திரை குத்தியதும் அதே நீதிமன்றம்தான். ஜுல்ஃபிகர் பூட்டோவை 1979இல் தூக்கிலிட 4க்கு 3 என்று தீர்ப்பு. அது நியாயமான விசாரணை இல்லை என்று 2024 மார்ச்சில் சொன்னார்கள். 45 வருடம் தாமதம். இப்போது 26, 27ஆவது திருத்தங்களுக்குப் பிறகு அரசமைப்பு வழக்குகள் தனி நீதிமன்றத்துக்குப் போய்விட்டன, உச்ச நீதிமன்றத்துக்குப் பழைய பலம் இல்லை.

இந்திய எதிர்ப்பைப் பேசித்தானே ஓட்டு வாங்குகிறார்கள்?

நம் தொலைக்காட்சிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவர்களுடைய பிரசாரத்தைப் பார்த்தால் மின்கட்டணம், கோதுமை மாவு விலை, வேலை. 2023 மே மாதம் பணவீக்கம் 38 சதவீதத்தைத் தொட்டது, ஆகஸ்டில் ஜனங்கள் தெருவில் மின்கட்டண ரசீதைக் கொளுத்தினார்கள். பிலாவல் 300 யூனிட் இலவசம் என்றார். நூறு யூனிட்டுக்கே நம்மூரில் எவ்வளவு பேச்சு! இந்தியா தேர்தல் மேடையைவிட ராணுவத்துக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. 2025 மே மோதலுக்குப் பிறகு தளபதி அசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆனார், நவம்பரில் முப்படைக்கும் தலைவராக, ஆயுள் முழுக்க வழக்கு விலக்கோடு, அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பிடித்தார். அதற்கு ஓட்டுப் போட்டவர்களும் அரசியல்வாதிகள்தான்.

நீங்கள் அங்கே வாக்காளராக இருந்தால் யாருக்குப் போடுவீர்கள்?

2024இல் லாகூரில் இருந்திருந்தால் கத்தரிக்காயோ பாட்டிலோ, இம்ரான் கட்சி ஆதரவு சுயேச்சைக்குத்தான் போட்டிருப்பேன். இம்ரானின் ஆட்சி எனக்குப் பிடித்திருந்ததால் இல்லை. யார் நிற்கலாம் என்று முடிவு செய்யும் வேலையை ராவல்பிண்டி எடுத்துக்கொண்டதற்கு எதிராக அன்றைக்கு வேறு வழி இல்லை. சிந்துக் கிராமத்தில் இருந்திருந்தால் அம்புக்குப் போட்டிருப்பேனோ என்னவோ, உதவித்தொகை வரும் வீட்டில் அது நியாயமான கணக்கு. கராச்சியில் அந்த இடத்தை வேண்டாம் என்ற ஜமாத்காரரின் கட்சிக் கொள்கை எனக்கு ஆகவே ஆகாது, ஓட்டும் போட மாட்டேன். ஆனால் அவரைப் போல இன்னும் இருபது பேர் தங்கள் ஃபார்ம் 45ஐ எடுத்துக்கொண்டு எழுந்திருந்தால் அன்று அமைந்த ஆட்சி அமைந்திருக்காது.